திரைக்குப் பின் நிற்பவன்

பகைவன் என்று கண்டு நாம் வெகுள்கின்ற ஒருவன் உளன். அவனை ஏவிவிட்டவன் பிறிதோரிடத்திலிருந்து நகைக்கின்றான். முன்னவன் கண்ணுக்குப் புலனாகின்றான்; பின்னவன் புலனாகின்றிலன். புலனாகாத அவனே வலியன். இந்நிலை கதைகளில் மட்டுமன்று, வழக்கு மன்றத்திலும் ஊர்ப் பொதுவிலும் குடும்பத்துள்ளும் காணப்படுவதேயாம். இதனைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்கின் யாது பெறப்படும் என்பதைச் சின்னாட்களாக எண்ணி வருகின்றேன். அங்ஙனம் எண்ணத் தூண்டியது சாத்திரநூல் ஒன்றன்று. என் பேரன் ஆடும் வீடியோ விளையாட்டே. சைவத் திங்களிதழில் இப்பொருள் புகுதல் கண்டு பெரியோர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அவர் சிறிது பொறுத்து முற்றும் படித்தருள வேண்டுகின்றேன்.

பேரனுக்கு அகவை 13. புதுச்சேரி நகரத்துப் பள்ளியிற் பயில்கின்றான். கோடை விடுமுறைக்கு நெட்டப்பாக்கம் வந்தானாயின், பகற்பொழுதெல்லாம் திண்ணையிற் சாய்ந்து கைப்பேசியும் கையுமாக இருப்பான். அவ்விளையாட்டுக்களுள் நெடுங்கதை பொருந்தியனவும் உள என்று அவன் கூறியபின், அருகிருந்து கேட்கலானேன். சப்பான் நாட்டார் ஆக்கிய இரண்டினை எனக்கு விரித்துரைத்தான்.

ஒன்று, 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் என்னும் வரிசையின் மூன்றாம் பகுதி. பாராமோஸ் என்னும் கொடியோனை வெல்லுதற்கு இளைஞன் ஒருவன் புறப்படுகின்றான். கடலும் மலையும் கடந்து பன்னாள் முயன்று அவனைக் கொன்று மீள்கின்றான். அரசன் அரண்மனையில் வெற்றிவிழா எடுக்கின்றான். இசை முழங்கும் அந்நேரத்தில் திடீரென இருள் கவிகின்றது. ஒரு குரல் எழுகின்றது. ஸோமா என்பான் தன் பெயரை அறிவிக்கின்றான். இறந்த பாராமோஸ் அவனுடைய ஏவலாளனே. அவனாளும் இருளுலகம் கீழே வேறாக உளது. ஆட்டம் முடிந்ததென்று எண்ணினார்க்கு அது மீளவும் தொடங்குகின்றது.

மற்றொன்று, 1991-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி வரிசையின் நான்காம் பகுதி. அதன்கட் பகைவன் கோல்பெஸ் என்பான். கதை நெடுந்தொலைவு சென்றபின் தெரியவருவது யாதெனின், அவன் கதைத்தலைவனாகிய செசிலின் உடன்பிறந்த தமையன் என்பதும், திங்கள் மண்டிலத்துள் அடைபட்டுக் கிடக்கும் செமஸ் என்பானொருவன் அவன் மனத்தைப் பற்றி ஆட்டுவித்தான் என்பதுமாம். கட்டு நீங்கிய கோல்பெஸ் தானே திங்களுக்குச் சென்று செமஸை வீழ்த்துகின்றான். வீழ்ந்த பின்னரும் முடியவில்லை. செமஸ் இறந்தும் அவனது வெறுப்பு மட்டும் இறவாது தனி உருக்கொண்டு செரோமஸ் என்னும் பெயருடன் எழுகின்றதாம். உடையவன் போனபின் வெறுப்பு மட்டும் எஞ்சி நிற்கும் என்ற இக்கற்பனை என்னை வியப்பித்தது. நம் வாசனாமலக் கொள்கையைக் கேட்டறியாத ஒருவர் இதனை எங்ஙனம் எழுதினாரோ!

“தாத்தா, முதலில் தெரிகின்ற பகைவனை நம்பக்கூடாது. ஆட்டம் பாதி மிஞ்சியிருக்கும்போதே ஒருவன் செத்துவிட்டானானால், அவனுக்குப் பின்னால் வேறொருவன் நிற்கிறான் என்று பொருள்” என்றான் பேரன். பழக்கத்தாற் பெற்ற அனுமானப் பிரமாணம் இது.

இக்கதை அமைப்பு நமக்குப் புதியதன்று. எம் பக்கத்து ஊர்களில் திரௌபதை அம்மன் திருவிழாவிற் பாரதக்கூத்து விடியுமளவும் நடைபெறும். இருவர் பிடித்து நிற்கும் திரைச்சீலைக்குப் பின் வேடதாரி நின்று பாட, சலங்கையொலி மட்டும் முன்வரும். பின்னரே முகம் தோன்றும். துரியோதனன் திரைநீக்கி வரும்போது எழும் ஆரவாரம் சகுனி வரும்போது எழுவதில்லை. கிரீடமும் புசகீர்த்தியும் பூண்டு களம் அதிர ஆடுபவன் துரியோதனனே. ஆயினும் கவறு சகுனி கையது. அவன் கவறு இறந்த தந்தையின் என்பினாற் செய்யப்பட்டது என்றும், கௌரவர் குலத்தையே வேரறுக்கக் கருதி அவன் உறவாடியிருந்தான் என்றும் நாட்டுவழக்கிற் கதையொன்று உளது. வியாசபாரதத்தில் இஃதில்லை. இல்லையேனும், பின்நிற்பவனைத் தேடும் மக்கள் உள்ளம் அதனைப் படைத்துக்கொண்டது. படுகளத்தன்று மண்ணாற் பேருருவாகச் செய்து கிடத்துவது துரியோதனனையே. தொடை பிளப்பதும் அவனுக்கே. சகுனிக்கு மண்ணுருச் செய்யக் கண்டிலேன். ஏவினவனுக்குக் களத்தில் உருவமில்லை!

கம்பநாடரும் கைகேயியைப் பழியின்றும் ஒருவாறு காக்கின்றார். கைகேயிக்குப் பின் கூனி. கூனி சொல் பலித்தமைக்குப் பின் தேவரது மாயையும் அவர் பெற்ற வரமும் என்று காரணங்களை அடுக்குவார். அங்குத் திரைக்குப் பின் நிற்போர் நல்லோராதல் காண்க. இது பின்னர் வேண்டப்படும்.

இனிக் கந்தபுராணத்திற்கு வருவோம். கந்தசட்டியின் ஆறாம் நாளில் சூரசங்கார விழாக் கண்டோர் அறிவர். ஒரே உருவத்திற்குத் தலைகளை மாற்றி மாற்றி எதிர்நிறுத்துவர். யானைமுகத்துத் தாரகன் போயினபின் சிங்கமுகன். அவன் போயினபின் சூரன். பேரன் இதனைக் கண்டவுடன், “இது சரியாக விளையாட்டுப் போலவே இருக்கிறது” என்று துள்ளினான். கச்சியப்ப சிவாசாரியார் நூலிலோ தொடர் இன்னும் நீளமுடையது. சூரபன்மனை ஈன்றவள் மாயை. அவள் இயற்பெயர் சுரசை. அசுரேந்திரனுக்கும் மங்கலகேசிக்கும் மகள். அவளுக்கு மாயக்கலைகளைப் பயிற்றி, மாயை என்று பெயரிட்டு, தவமியற்றும் காசிபரை மயக்கி அசுரகுலம் பெருகச் செய்க என்று விடுத்தவர் சுக்கிராசாரியார். சுக்கிரரைத் தூண்டியது யாது? தேவர்க்குத் தோற்று அழிந்த அசுரர்பால் அவர்க்கிருந்த பரிவு. ஆகவே சூரனுக்குப் பின் மாயை, மாயைக்குப் பின் சுக்கிரர், சுக்கிரர்க்குப் பின் ஒரு பழந்தோல்வி என்று தொடர் பின்னோக்கிச் செல்கின்றது. காசிபர் மக்களுக்கு நன்னெறி கூறினார். மாயை அதனை மறுத்து வேள்வி செய்து வலிமை பெறுமாறு ஏவினாள். தந்தை சொல்லும் தாய் சொல்லும் ஒரே செவியில் விழுந்தன. மைந்தர் தாய் சொல்லையே தெரிந்துகொண்டனர். இத்தெரிவு எவருடையது என்பதை மறவாதிருப்போமாக.

வேள்விப் பயனாக 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைச் சூரன் பெற்றான். வரமளித்தவர் சிவபெருமான். பேரன் இவ்விடத்திற் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வினா வினவினான்: “அப்படியானால் தாத்தா, கடைசியில் பின்னால் நிற்பவர் சிவனா?”

இவ்வினா என்னைச் சுட்டமைக்குக் காரணம் உண்டு. என் தந்தையாரும் இதனையே வினவினார்.

எம் வயலின் வரப்புக்கு அப்பால் அந்நாளிற் பழைய தென்னார்க்காடு ஜில்லா. புதுச்சேரி நிலப்பகுதியும் தமிழ்நாட்டு நிலப்பகுதியும் எம் வட்டாரத்தில் ஒட்டுத்துணிபோல் மாறிமாறிக் கிடப்பது அன்பர் பலர் அறிந்ததே. 1974-இல் அவ்வரப்பைப்பற்றி வழக்கொன்று எழுந்தது. தொடுத்தவர் எம் பங்காளிகளுள் ஒருவர். கள்ளமறியாதவர், கையெழுத்தும் நேரே இடமாட்டாதவர். ‘இவர்க்கு இத்துணைச் சூது ஏது? பின்னே எவரோ உளர்’ என்று தந்தையார் துணிந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் பத்திரங்களைத் தேடியெடுத்துப் பிழைகண்டு கொடுத்தவர் ஒருவர் என்று அறிந்தார். அவரைப் பணித்தவர் மற்றொருவர். அவர்க்குப் பணமுதவியவர் வேறொருவர். பெயர்களையெல்லாம் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தார். ஒன்பது ஆண்டுகள் சென்று வழக்கு எமக்குச் சார்பாகவே முடிந்தது. முடிந்த பின்னரும் அவர் தேடல் முடியவில்லை. பஞ்சாங்கம் ஆண்டுதோறும் மாறியது. பட்டியல் புதிய அட்டைக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வளர்ந்தது. பங்காளி வந்து திண்ணையில் அமர்ந்து தம் மகள் மணத்துக்கு அழைத்தபோதும், ‘இவரை இப்போது அனுப்பினவர் யார்?’ என்றே என் செவியிற் கேட்டார். 1991-இல், நோய்ப்படுக்கையிற் கிடந்த ஒருநாள் மாலை, பூசையறையை நோக்கி, “இத்தனை பேரையும் ஏவினவன் நீதானே?” என்றார். அது பத்தியா, நிந்தையா என்று எனக்குத் தெளியவில்லை. மூன்றாம் நாள் சிவபதம் அடைந்தார்.

ஆகலின் பேரன் வினாவுக்கு விரைந்து ‘அன்று’ என்று கூறிவிட எனக்கு மனம் ஒருப்படவில்லை. வேறு சமயத்தார் சிலர் கூறுமாறு, தீமைக்கென ஓர் எதிர்க்கடவுள் உளன் என்று கூறினால் வினா எளிதில் ஒழியும். நம்மவர் அவ்வழிச் செல்லவில்லை. எங்கள் நடுநாட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் தொடங்கி வைத்த சந்தானம், தில்லைக் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியார் ஈறாக, இவ்வினாவைத் தட்டிக்கழியாது எதிர்கொண்டது.

உயிரைப் பற்றிய பகை எது? காண்பார்க்கு முதலில் தோன்றுவது கன்மம். துன்பம் வந்தவுடன் ‘என் வினை’ என்கின்றோம். அதன்பின் நிற்பதாக உலகினர் கருதுவது மாயை. ‘எல்லாம் மாயை’ என்பது வீதியில் எவரும் கூறும் சொல்லாயிற்று. சித்தாந்தமோ மாயையைப் பகை என்று முடிப்பதில்லை. உடம்பும் கருவியும் உலகமும் போகமும் தந்து, இருளிற் கிடக்கும் உயிர்க்குச் சிறுவிளக்காய் உதவுவது மாயை. இரண்டற்கும் பின்னாய், அவற்றிற்கெல்லாம் மூலமாய் நிற்பது ஆணவம். புறத்திருளேனும் பொருளை மறைத்துத் தன்னைக் காட்டும். ‘இருட்டாக இருக்கின்றது’ என்று நாம் கூறவியலும். ஆணவம் பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். திருவருட்பயனில் இருண்மல நிலை என்னும் மூன்றாம் அதிகாரம் முழுமையும் இதனை விளக்குதற்கே எழுந்தது. திரைக்குப் பின் நிற்பவனைக் கூத்தில் விடியற்குள் கண்டுவிடலாம். தானே திரையும் பின்நிற்பதும் ஆகிய ஒன்றை எங்ஙனம் காண்பது? ‘நான் ஏமாறமாட்டேன், பின்நிற்பவனைக் கண்டே தீர்வேன்’ என்று முனைப்புக் கொள்ளுமிடத்தும் அதுவே முனைகின்றது. தந்தையாரின் பட்டியலில் எழுதப்படாத பெயர் அது ஒன்றே என்பேன். அவரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அப்பெயரைத் தம் பட்டியலில் எழுதினார் எவர்?

சூரனே ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று பெரியோர் உட்பொருள் கூறுவர். கதையில் மாயை தாய், சூரன் மகன். தத்துவத்தில் ஆணவமே மூலம். முரணன்றோ எனின், அன்று. மாயை சூரனைப் பெற்றாள் என்பது ஆணவத்துக்கு உடலும் களமும் தந்தாள் என்பதேயாம். உடலின்றி அது வெளிப்பட மாட்டாது. வெளிப்பட்டாலன்றி அதனைத் தீர்த்தலும் கூடாது.

ஈண்டுத்தான் சித்தாந்தம் அவ்விளையாட்டுக்களினின்றும் அடியோடு பிரிகின்றது. ஸோமாவுக்கும் செமஸுக்கும் அறிவுண்டு, கருத்துண்டு, சூழ்ச்சியுண்டு. ஆணவத்திற்கு அவை இல்லை. அது சடம். செம்பிற் களிம்பு செம்பைக் கெடுக்கவேண்டும் என்று எண்ணுவதில்லை. ஆயின் சடமாகிய ஒன்று தானே இயங்காது. அதனை இயக்கும் அறிவு ஒன்று வேண்டும். அவ்வறிவே இறைவனது திரோதான சத்தி. மலத்தைத் தொழிற்படுத்துதலால் அதனையும் மலம் என்று உபசாரமாகக் கூறி, ஆணவம், கன்மம், மாயை, மாயேயம், திரோதாயி என ஐந்தாக எண்ணினர் நம் ஆசிரியர். என்னே அவர் அஞ்சாமை! இறைவனது சத்தியையே மலவரிசையில் நிறுத்திவிட்டனர். திருவைந்தெழுத்தின் நகரத்தை அதற்கே உரியதாக்கினர். தீயதாகிய ஒன்றற்கு அறிவில்லை. அறிவுடைய ஒன்றற்குத் தீமையில்லை. விளையாட்டுக் கதைகள் இவ்விரண்டினையும் ஒரே ஆளில் ஏற்றி, அவ்வாளைக் கொன்று கதை முடிக்கின்றன. நாமும் நம் வழக்குகளில் அங்ஙனமே ஓர் ஆளைத் தேடுகின்றோம்.

பேரனுக்கு இம்மொழியில் உரைத்தல் கூடாமையின், கொல்லையிலிருந்த வாழைத்தாரைக் காட்டினேன். முற்றிய தாரைக் குழியிலிட்டு, சருகிட்டு மூடி, மண்பூசிப் புகைமூட்டம் போடுகின்றோம். உள்ளே இருள், வெம்மை, மூச்சுமுட்டும் புகை. காய்க்கு வாயிருந்தால் மூடினவனைப் பகைவன் என்றே ஏசும். கைப்பும் துவர்ப்பும் மூடினவன் இட்டனவல்ல, காயிலேயே கிடந்தவை. மூடியது அவை மாறுதற்பொருட்டு. மறைத்தல் என்னும் தொழிலை ஐந்தொழிலுள் ஒன்றாக வைத்ததும், மலபரிபாகம் என்று பழுத்தற்சொல்லாற் கூறியதும் இதுபற்றியே.

அவன் விடவில்லை. “மூட்டத்தில் சில காய் அழுகியும் போகிறதே!” என்றான்.

நல்ல தடை. இதற்கு உவமையைக் கொண்டே விடை கூறலாகாது. உவமை அவ்விடத்தில் தீர்ந்தது. அழுகிய காய்க்கு மறுகுழி இல்லை. உயிர்க்கு உண்டு. பிறப்புக்கள் பலவாக வைத்ததன் கருத்து ஓருயிரும் அழுகற்கழிவாக எறியப்படலாகாது என்பதே. இக்கொள்கையை நீக்கிவிட்டால் திரோதானம் கொடுமையாகவே முடியும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மற்றொன்றும் உளது. ‘எல்லாம் திரோதானம்’ எனின் சகுனிக்குப் பழியில்லையோ? பத்திரத்திற் பிழைகண்டு கொடுத்தவர்க்கு வினையில்லையோ? உண்டு. காசிபர் சொல்லும் மாயை சொல்லும் ஒருங்கே கேட்ட மைந்தர் ஒன்றைத் தெரிந்துகொண்டனர் என்று மேலே குறித்தேன். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. எதனைச் சார்வது என்பதில் அதன் இச்சைக்கு இடமுண்டு. ஏவினவனுக்கும் செய்தவனுக்கும் வினை தனித்தனியே ஏறும். வழக்கு மன்றம் தன் தொழிலைச் செய்க.

சூரனது போரில் ஓரிடம் இவ்வினாவுக்கு உயிர்நிலை. முருகப்பெருமான் தம் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகின்றார். கண்ட சூரன் உள்ளம் நெகிழ்ந்து துதிக்கின்றான், பகைமை மறக்கின்றான். அந்நிலையிலேயே கதை முடிந்திருக்கலாம். பெருமானோ அளித்த அவ்வுணர்வை மீளவும் மறைத்துவிடுகின்றார். சூரன் பண்டுபோல் வெகுண்டு படையெடுக்கின்றான். இளமையில் இப்பகுதி படிக்கக் கேட்டபோது எனக்கு வருத்தமே விளைந்தது, காட்டியதை மறைப்பானேன்? இப்போது பார்க்கின், காட்சியாற் பிறந்த பத்தி பிறர் தந்த பொருள். முனைப்பு உள்ளே முழுதும் இருந்தது. அது வெளிப்பட்டு, தன் வலியெல்லாம் செலவிட்டு, கடலிடை மாமரமாய் நின்று, வேலாற் பிளவுண்ண வேண்டியிருந்தது. மறைத்தலே திரோதானம், பிளந்ததே அருள். இரண்டிற்கும் கை ஒன்றே.

பிளவுண்டது சூரன், மாயையன்று. பிளவுண்ட சூரனும் இறந்துபடவில்லை. மயிலும் சேவலுமாய் எதிர்வந்தான். ஆணவம் அநாதியாதலின் பொருளழிவு எய்தாது, சத்தி மடங்கி அடங்கும் என்னும் கொள்கைக்கு இதனினும் பொருந்திய கதை வேறில்லை. பகைவன் ஊர்தியாயினான், கொடியாயினான். கோல்பெஸ் தன் ஏவலனை எதிர்க்கச் சென்றது இதற்கு ஒருசிறிது அணித்து. எனினும் அவ்வாட்டம் ஈற்றில் எவரையேனும் கொன்றேதான் முடிகின்றது.

சென்ற வைகாசியில் பேரனை மயிலம் அழைத்துச் சென்றேன். சூரன் மயிலூர்தியாதல் வேண்டித் தவம் செய்த இடம் என்பது அத்தலத்து வரலாறு. குன்றே மயிலின் வடிவென்பர். படியேறி வழிபட்டு மீளும்போது, “தாத்தா, அந்த மயிலுக்குத் தான் சூரனாக இருந்தது நினைவிருக்குமா?” என்றான். பெருமான் அருள்நோக்கம் பட்டவுடன் பகைமை நீங்கியது என்றே புராணம் கூறுகின்றது. நினைவு நீங்கியதாகக் கூறவில்லை என்று விடையிறுத்தேன். அன்றிரவே கந்தபுராணத்தைத் தொடக்கத்திலிருந்து படித்துக் காட்டுமாறு கேட்டான். உற்பத்தி காண்டம் வேண்டாம், மாயைப் படலத்திலிருந்து வேண்டுமாம். இரவுதோறும் உணவுக்குப்பின் படித்து வருகின்றோம். காசிபர் உபதேசம் கடந்து மார்க்கண்டேயப் படலத்தில் நிற்கின்றோம். அதனை விட்டு வேள்விக்குத் தாவிவிடலாம் என்பது அவன் கட்சி. நான் இசையவில்லை. பள்ளி திறக்க இன்னும் ஐந்து நாட்களே உள.